முப்புரி அவிழும் நேரம்

போன சித்திரையில் என் அண்ணன் மகன் பெல்ஜியத்திலிருந்து காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரான தாமலுக்கு வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே இரண்டு பீர் பாட்டில்களைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். குழம்பு வைக்கப் போகிறேன் என்றான். அண்ணி நம்பவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாம் பார்த்துப் பழகிய வெளிர் மஞ்சள் இல்லை. டிகாக்‌ஷனைப் போலக் கறுப்பு.

அவன் வேலை பார்க்கும் கென்ட் நகரமும் அதைச் சுற்றிய ஃப்ளாண்டர்ஸ் பகுதியும் இந்தக் குழம்புக்குப் பேர்போனவை. மாட்டுக்கறியை வெங்காயத்தோடு வதக்கி, கறுப்பு பீரை ஊற்றி, சிறு தீயில் மூன்று மணி நேரம் வைப்பார்கள். மேலே கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டைப் போட்டால் அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். அண்ணி மாட்டுக்கறிக்கு ஒப்பவில்லை. முற்றிய ஆட்டின் முன்னந்தொடையும் நெஞ்செலும்பும் வந்தன. பீர் விஷயத்தில் அரை மனது. ஆனால் அவரை உண்மையிலேயே உறுத்தியது நேரம்தான்.

"மூணு மணி நேரமா? அதுக்குள்ள கறி கட்டையாயிடும்டா. ஈரலைப் பத்து நிமிஷத்துக்கு மேல விட்டா என்னா ஆவுதுன்னு தெரியும் இல்ல?"

"அப்ப ஆட்டுக்கால் பாயாவை ஏம்மா ராத்திரியெல்லாம் அடுப்புல வைக்கிற?"

அண்ணி வாயடைத்துப்போனது அபூர்வம். கேள்வி நியாயமானது. ஒரே ஆடு, ஒரே அடுப்பு. ஈரல் நேரம் ஆக ஆக ரப்பராகிறது. கால் நேரம் ஆக ஆக வெண்ணெயாகிறது. வேகவைத்தால் கறி மெதுவாகுமா, கெட்டியாகுமா?

இரண்டும் நடக்கும். கறி என்று நாம் சொல்வது ஒரு பொருள் கிடையாது, இரண்டு பொருள்களின் கூட்டு. தறிக்குப் போகும் பாவு நூலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே திசையில் ஓடுகின்றன. தசையும் அப்படித்தான். இழுத்து விடும் வேலையைச் செய்யும் புரத இழைகள் கட்டுக்கட்டாக ஓடும். அந்தக் கட்டுகளை உறை போட்டுச் சுற்றிப் பிடித்திருப்பதும், கடைசியில் எலும்போடு கொண்டுபோய்க் கட்டுவதும் வேறொரு புரதம். கறிக்கடையில் இதை ஜவ்வு என்பார்கள். அறிவியலில் கொலாஜன்.

இழையும் ஜவ்வும் சூட்டுக்கு எதிரெதிராக நடந்துகொள்கின்றன. இழைகள் 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உறையத் தொடங்கும், முட்டை வெள்ளை கெட்டியாவதைப் போல. 60-ஐத் தாண்டும்போது ஜவ்வும் சுருங்கி, உள்ளே இருக்கும் இழைகளை ஈரத் துண்டைப் பிழிவதுபோல் பிழியும். சாறு வெளியே போகும், கறி இறுகும். ஈரலில் ஜவ்வு மிகக் குறைவு. அதற்கு இறுகுவது மட்டும்தான் தெரியும், ஆகவே சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். ஜவ்வு நிறைந்த கறியில் மட்டும் இதற்கு அப்புறம் இன்னொரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் வருவதற்குள் பொறுமை போய்விடும்.

அன்று போயிற்று. நாற்பது நிமிடம் கழித்து அண்ணி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "செருப்பு" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வந்தது. கறியின் வாழ்க்கையில் மிக மோசமான நேரம் அதுதான்: பிழிந்து முடிந்தாயிற்று, ஜவ்வு இன்னும் அசையவில்லை.

நீரில் 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்தால் கொலாஜன் பிரிந்து கரைகிறது. கரைந்தது ஜெலட்டின், தமிழில் ஊன்பசை. உறை கரைந்ததும் இழைகள் கட்டவிழ்ந்து தொட்டால் உதிரும். இழைகள் முன்னைவிட வறண்டுதான் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு நடுவே ஊன்பசை பரவியிருப்பதால் நாக்குக்குச் சாறோடு இருப்பதாகவே தோன்றும். தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சும் வச்சிரமும் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த இதே சரக்குதான். கொலாஜன் என்ற பெயரே பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அண்ணி குக்கரை எடுக்கப் போனார். அதில் தவறில்லை. குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூன்று மணி நேர வேலை அரைமணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். உலகின் முதல் பிரஷர் குக்கரே இதற்காகப் பிறந்ததுதான். 1679-இல் லண்டனில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இறுக்க மூடிய பாத்திரத்தைச் செய்து, அதில் எலும்பை மெதுவாக்கி அதன் சத்தைப் பிழிந்து காட்டினார். ஆவி அதிகமானால் தூக்கிக்கொள்ளும் வால்வு அவர் சேர்த்ததுதான். நம் வீட்டு விசிலுக்கு அதுதான் பாட்டன்.

எலும்பு கரைந்து பசையாவது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். எதனால் கரைகிறது, கரைவதற்கு முன் அது எப்படிக் கோத்திருந்தது என்பது தெரிய 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடை வந்தது தாமலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிண்டியிலிருந்து.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் இயற்பியல் துறைத் தலைவரானபோது அவருக்கு வயது முப்பதுகூட முடியவில்லை. எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி. வி. ராமனின் மாணவர். அந்த ஆண்டு சென்னைக்கு வந்திருந்த, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வேலை தொடங்கினார்.

கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத ஒன்றின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் காஞ்சிபுரத்துக்காரர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இருட்டிய பின் தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியின் வழியாகவோ விரித்த குடைத் துணியின் வழியாகவோ பாருங்கள். விளக்கு ஒரு புள்ளியாகத் தெரியாது. நடுவில் ஒன்று, சுற்றிலும் சிலுவைபோலப் பல புள்ளிகள். ஒளி இழைகளின் இடுக்குகளில் புகுந்து சிதறும்போது அவை தோன்றுகின்றன. நெசவு நெருக்கமாக நெருக்கமாகப் புள்ளிகள் விலகிப் போகும். இழையைப் பார்க்காமலே, புள்ளிகளை அளந்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று சொல்லிவிடலாம். துணிக்குப் பதில் கொலாஜன் நார், ஒளிக்குப் பதில் எக்ஸ் கதிர், கண்ணுக்குப் பதில் ஒரு பிலிம். எக்ஸ் கதிரின் அலை அணுக்களின் இடைவெளி அளவுக்குச் சிறியது என்பதால் அங்கே எண்ணப்படுவது அணுக்களின் நெசவு. ராமச்சந்திரனும் கர்த்தாவும் பயன்படுத்தியது கங்காருவின் வாலிலிருந்து எடுத்த நார்.

புள்ளிகள் ஒரு முறுக்கைக் காட்டின. எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்பதற்குத் துப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலை. கொலாஜனை உடைத்து எண்ணிய வேதியியலாளர்கள், மூன்றில் ஒரு மணி கிளைசின் என்று சொல்லியிருந்தார்கள். மணிகளிலேயே மிகச் சிறியது கிளைசின். மூன்றில் ஒன்று ஏன் இவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? மூன்று மாலைகள் ஒன்றை ஒன்று ஒட்டி முறுக்கிக்கொண்டால் நடுவே இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு மாலையிலும் மூன்றாவது மணி அந்த நடுவே வந்து விழும், அங்கே கிளைசின் மட்டுமே நுழையும். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்டது இந்த மூன்று இழை முறுக்கைத்தான். பாடநூல்கள் மும்மைச் சுருள் என்கின்றன. எனக்கு முப்புரி என்ற சொல் பிடித்திருக்கிறது. கயிறு திரிப்பவருக்கும் விளங்கும், பூணூல் போட்டவருக்கும் விளங்கும்.

மறு ஆண்டே மாதிரியைத் திருத்தினார்கள். பூமியைச் சுற்றும் நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, ஒவ்வொரு மாலையும் நடுக்கோட்டைச் சுற்றிவரும்போதே தானும் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. கயிறாகத் திரித்த மூன்று புரிகள் மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது போன்ற அமைப்பு. கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு குறை சொன்னார்கள்: உங்கள் மாதிரியில் சில அணுக்கள் வேண்டிய அளவைவிட நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. இழைகளுக்கு நடுவே இருக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னது கடைசியில் சரியாயிற்று. ஆனால் அந்தக் குறை வீணாகவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் தோண்டப் போனார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் 1963-இல் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் அங்கிருந்து பிறந்தது. இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் புதிய புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று முதலில் வைத்துப் பார்ப்பது அந்த வரைபடத்தில்தான். பாயா கிண்டும்போது அவரை நினைக்க நமக்கு உரிமை உண்டு.

முப்புரியைச் சேர்த்துப் பிடித்திருப்பவை எண்ணற்ற சிறு பிணைப்புகள். தனித்தனியே பலவீனமானவை, கூட்டாகப் பலமானவை. சூடு அவற்றைக் குலுக்கி அவிழ்க்கிறது. மூன்று மாலைகளும் பிரிந்து நீரில் தனித்தனியே மிதக்கின்றன. அதுதான் ஊன்பசை.

இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் நாற்பது வருஷம் தறியில் இருந்தவர். அவருக்கு வேறொரு சந்தேகம். "பட்டும் புரதம்தானே? அதையும் சோப்பு, சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைக்கிறோம். அது ஏன் குழம்பாகலை?"

நல்ல கேள்வி. கச்சாப் பட்டு விறைப்பாக இருக்கும். இழையின் மேல் செரிசின் என்ற பசை படிந்திருப்பதுதான் காரணம். கொதிநீர் அந்தப் பசையைக் கரைத்துவிடும். சாயம் போடும் முன் பசை எடுத்ததும் கிலோவுக்குக் கால் கிலோ வாக்கில் எடை குறைவது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மிஞ்சும் ஃபைப்ராயின் இழை அசையாது. வேடிக்கை என்னவென்றால் அதிலும் கிளைசின்தான் நிறைய. கொலாஜனில் மூன்று மணிக்கு ஒன்று, பட்டில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்று. அந்தச் சிறு வித்தியாசத்தில் உருவமே மாறிவிடுகிறது. பட்டின் மாலைகள் கயிறாகத் திரியாமல் தட்டையாக நீண்டு, மடித்து அடுக்கிய புடவைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று இறுகிப் படிந்துவிடும். நடுவில் தண்ணீர் நுழைய இடமில்லை. நுழையாத இடத்தில் எதையும் அவிழ்க்க முடியாது.

எங்கள் ஊரை ஒட்டிப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள். அங்கே வேலை இதற்கு நேர்மாறு. பச்சைத் தோலை 65 டிகிரி நீரில் போட்டால் சுருண்டுபோகும், கொதிக்கவைத்தால் வச்சிரமாகும். தோலும் பெரும்பாலும் கொலாஜன்தானே. முப்புரி அவிழாதபடி குறுக்கே தையல் போடுவதற்குப் பெயர்தான் பதனிடுதல். ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் அந்தக் காலத்துத் தையல், குரோமியம் இந்தக் காலத்துத் தையல். குரோமியத்தில் நன்றாகப் பதனிட்ட தோல் கொதிநீரிலும் சுருங்காது. தொழிற்சாலையில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான். அந்தக் குரோமியம் பாலாற்றைப் படுத்திய பாடு வேறு கட்டுரைக்கு உரியது. ராமச்சந்திரனின் வளாகத்துக்கு அருகிலேயே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்ததும் தற்செயலாகத் தோன்றவில்லை. கொலாஜன் இந்தப் பக்கத்துப் பொருளாதாரம்.

வயதும் இதே தையலைத்தான் போடுகிறது. ஆடு முற்ற முற்றக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே இயற்கையான குறுக்குக் கட்டுகள் பெருகும், இளங்கறி அரைமணியில் வெந்துவிட முத்தல் கறி அடம்பிடிப்பது அதனால். மீன் இன்னொரு கோடி. குளிர்ந்த நீரில் வாழும் உடம்புக்கு இறுக்கமான முப்புரி தேவையில்லை, குறைந்த சூட்டிலேயே அவிழ்ந்துவிடும். மீன் குழம்பைக் கொதி வந்த பத்து நிமிடத்தில் இறக்கச் சொல்லும் பாட்டிகள் வேதியியலில் கெட்டி.

சரி, பீர் இதில் என்ன செய்கிறது? கறியை மெதுவாக்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். வெறும் தண்ணீரும் அதே நேரத்தில் அதே வேலையைச் செய்யும். பீர் கொண்டுவருவது நிறமும் மணமும் தான், அதுவும் வேறு யாரோ செய்துவைத்த வேலை. வெங்காயம் பொன்னிறமாவதும், தோசை ஓரம் சிவப்பதும், காபிக்கொட்டை கறுப்பதும் ஒரே வினை. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களைப் பிறப்பிக்கின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லூயி கமீல் மையாரின் பெயரில் மையார் வினை என்பார்கள். நான் சிவப்பு வினை என்றே சொல்வேன். இது வேகமாக நடக்க 140 டிகிரி வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை திறந்த பாத்திரம் 100-ஐத் தாண்டாது. குழம்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கறி சிவக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. எனவே கறியை முதலில் எண்ணெயில் வறுத்துவிட வேண்டும். அண்ணன் மகன் ஒரு கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினான். தண்ணீர் விட்டுக்கொண்டு கறி வெளிறிப்போயிற்று. "நாலு நாலா போடுடா" என்று அண்ணி கரண்டியை வாங்கிக்கொண்டார். மேலே வறுத்தால் சாறு உள்ளேயே அடைபடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் சொன்னதைச் சமையல்காரர்கள் இன்னமும் நம்புகிறார்கள். எடை போட்டுப் பார்த்தால் அடைபடுவதில்லை. வறுப்பது மணத்துக்காக மட்டுமே.

கறுப்பு பீருக்கு வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, அதில் ஒரு பகுதியைக் காபிக்கொட்டைபோல வறுத்துவிடுகிறார்கள். கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைக்கும் வீட்டு வாசனையை நினைத்துக்கொண்டால் பாதி பிடிபடும். ஈரப் பாத்திரத்துக்குள் நடக்க முடியாத சிவப்பு வினையை வெளியே முடித்து, பாட்டிலில் அடைத்து, உள்ளே ஊற்றுகிறோம்.

கூடவே கசப்பும் வரும். பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஆவியாவதில்லை. குழம்பு வற்ற வற்ற அது செறிவாகும். இரண்டரை மணி நேரத்தில் எங்கள் குழம்பு வேப்பம்பூ ரசத்தை எட்டிவிட்டது. அவன் முகம் வாடியது. அண்ணி ஒரு சின்ன உருண்டை வெல்லத்தை நசுக்கிப் போட்டார். ஃப்ளாண்டர்ஸிலும் பழுப்புச் சர்க்கரைதான் போடுவார்களாம், அவன் மறந்திருக்கிறான். கேரட்டிலும் அவன் தோற்றான். பீரை ஊற்றிய பின் போட்ட கேரட் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருந்தது. பீர் புளிப்பானது, காய்களின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. "புளி ஊத்திட்டு யாராச்சும் காய் போடுவாங்களா?" அண்ணிக்கு பெக்டின் தெரியாது, விதி தெரியும்.

குழந்தைகள் சாப்பிடலாமா என்பதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. சாராயம் தண்ணீருக்கு முன்பே கொதிக்கும், அதனால் உடனே பறந்துவிடும் என்பது அரை உண்மை. தண்ணீரோடு கலந்திருக்கும் வரை இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சமைத்த உணவுகளில் மீதி இருந்ததை அளந்தே பார்த்தார்கள். கால் மணி கொதித்ததில் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணியில் 25, இரண்டரை மணியில் 5. பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்து இது மாறும். எங்கள் கணக்கில் இரண்டு பாட்டில் சேர்ந்து 660 மில்லி, அதில் 8 சதவீதம் சாராயம், கிட்டத்தட்ட 53 மில்லி. கடைசியில் எட்டுப் பேருக்கான குழம்பு முழுவதிலும் இரண்டரை, மூன்று மில்லி. மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. கொள்கையாக விலக்குபவர்கள் விலக்கலாம். அண்ணி பிள்ளைகளுக்குத் தனியே மிளகுக் கறி வைத்துவிட்டார்.

மூன்று மணி ஆனபோது நெஞ்செலும்பிலிருந்து கறி தானே வழுக்கி விழுந்தது. அண்ணி மென்று பார்த்தார். இந்தத் தடவை தீர்ப்பு எதுவும் வரவில்லை, இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

மீதியை ஃபிரிட்ஜில் வைத்தோம். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் குழம்பு ஆடாமல் நின்றது, கரண்டி குத்திட்டு நின்றது. சூட்டில் பிரிந்த மாலைகள் குளிர்ந்ததும் மறுபடி ஒன்றை ஒன்று தேடுகின்றன. பழையபடி முழு நீளத்துக்குச் சேர முடிவதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று எந்த மாலை கிடைத்தாலும் அதோடு முறுக்கிக்கொண்டு வலையாகிவிடுகின்றன. தண்ணீர் அந்த வலையில் சிக்கி நிற்கிறது. நூறு பங்கு நீரை நிறுத்த இரண்டு மூன்று பங்கு ஊன்பசை போதும். அந்த வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் 1954-இல் கிண்டியில் கண்ட முப்புரி இருக்கிறது.

முடிச்சுகள் 30, 35 டிகிரிக்குள் தளர்ந்துவிடும். வாயில் வைத்தால் உருகுவதும் அதனால்தான். அண்ணி பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிட்டு இட்லிக்கு மாவு ஊற்றப் போனார். சித்திரை மாதத்துத் தாமல் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே 38 டிகிரி. முதல் ஈடு இறங்குவதற்குள் ஓரங்கள் பளபளத்து, நடுவில் இருந்த கட்டி மெல்ல மிதக்கத் தொடங்கியிருந்தது.

"சூடே பண்ண வேணாம் போலிருக்கே" என்றபடி அண்ணி தட்டை எடுத்தார்.